தீயணைப்பு வண்டியின் பம்ப்: உள்ளே நடப்பதும் இயக்கும் முறையும்

4500 லிட்டர் தண்ணீர் கொள்ளும் ஒரு தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைகிறது. குழாயின் முனையில் மாட்டும், 20 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு நாசிலை 5 பார் அழுத்தத்தில் (1 பார் என்பது ஏறத்தாழ காற்றுமண்டலத்தின் அழுத்தம்) திறந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 லிட்டர் வெளியேறும். ஏழரை நிமிடத்தில் தொட்டி காலி. இரண்டு நாசில் என்றால் நான்கு நிமிடம்கூட நிற்காது. அதற்குள் கிணறோ குளமோ தண்ணீர் லாரியோ, அடுத்த தண்ணீரைப் பிடித்தாக வேண்டும். உள்ளே புகைக்குள் குழாயைப் பிடித்திருப்பவருக்குத் தண்ணீர்தான் கவசம். அது ஒரு நொடிகூட அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர் வெளியே, வண்டியின் பம்புப் பலகை முன்னால் நிற்கிறார். கூடியிருக்கும் கூட்டம் அவரைக் கவனிப்பதில்லை. இந்த வழிகாட்டி அவருடைய வேலையைப் பற்றியது.

தீயணைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், ஆலைகளின் தீயணைப்புக் குழுவில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வண்டிக்கு வண்டி வால்வுகளின் இடமும் நெம்புகோல்களின் வரிசையும் மாறும். உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் இயக்கக் குறிப்பே இறுதியானது. ஆனால் உள்ளே தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் எல்லா வண்டியிலும் ஒன்றுதான். அது புரிந்துவிட்டால் எந்த வண்டியின் பலகை முன் நின்றாலும் கை தடுமாறாது.

உள்ளே சுழல்வது என்ன?

கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவின் தெசிபியஸ், உருளைக்குள் உந்துதண்டு மேலும் கீழும் போய்வரும் பம்பை அமைத்துவிட்டார். லண்டனில் ரிச்சர்ட் நியூஷம் 1721இல் காப்புரிமை பெற்ற தீயணைப்பு இயந்திரமும் இதே வகைதான். இருபுறமும் ஆட்கள் நின்று நீண்ட கைப்பிடியை ஏற்றி இறக்குவார்கள். உந்துதண்டு பம்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. நாசிலை மூடினால் உள்ளே அடைபட்ட தண்ணீருக்குப் போக இடமில்லை. தனியாகத் தப்பு வழி வைக்காவிட்டால் குழாய் வெடிக்கும், அல்லது பம்ப் உடையும்.

இன்றைய வண்டிகளில் இருப்பது மையவிலக்குப் பம்ப். நம் வயல்களில் ஓடும் மோனோபிளாக் மோட்டார் பம்பின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். நடுவில் இம்பெல்லர் என்னும் சக்கரம் இருக்கிறது. அதில் வளைந்த தகடுகள் இருக்கின்றன. தண்ணீர் சக்கரத்தின் நடுத்துளை வழியாக நுழைகிறது. சுழற்சி அதை விளிம்புக்கு வீசுகிறது. ராட்டினத்தில் சுற்றும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைவிட்டு வேகமாக வெளியேறும் தண்ணீர், நத்தைக்கூடு போல மெல்ல மெல்ல அகலமாகும் உறைக்குள் பாய்கிறது. வழி அகல அகல வேகம் குறைகிறது. குறைந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. பம்ப் செய்வது இவ்வளவுதான்.

இதில் நாசிலை மூடினாலும் உடனடி ஆபத்து இல்லை. சக்கரம் அதே தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் நெடுநேரம் விடக்கூடாது; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சுழலும் வேகத்துக்கும் பலனுக்கும் உள்ள உறவை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் வெளியேறும் தண்ணீர் இரண்டு மடங்கு. அழுத்தம் நான்கு மடங்கு. அதற்குத் தேவையான எஞ்சின் திறன் எட்டு மடங்கு. வேகத்தை 10 சதவீதம் கூட்டினாலே அழுத்தம் 21 சதவீதம் கூடும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைத் திருப்பும் கை ஏன் பதமாக இருக்க வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

நம் நாட்டு வண்டிகளில் நிமிடத்துக்கு 1800 அல்லது 2250 லிட்டரை 7 பார் அழுத்தத்தில் தரும் பம்புகளைப் பரவலாகப் பார்க்கலாம். 2250 லிட்டர் பம்பு முழு அளவில் ஓடும்போது தண்ணீருக்குக் கொடுக்கும் திறன் மட்டும் ஏறத்தாழ 35 குதிரைத்திறன். பம்பின் இழப்புகளையும் சேர்த்தால் எஞ்சின் 50க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். 5 குதிரைத்திறன் கிணற்று மோட்டார்கள் பத்து சேர்ந்து செய்யும் வேலை அது. அதையும் வண்டி நகராமல் நின்றபடி செய்கிறது. எதிர்க்காற்று ரேடியேட்டரில் படாது. எனவே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளையும் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை

பம்ப் தண்ணீரை ‘இழுக்கிறது’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், நானும்தான். ஆனால் பம்பால் தண்ணீரை இழுக்க முடியாது. பம்புக்குள்ளும், நீர்நிலையிலிருந்து பம்புக்கு வரும் சக்ஷன் குழாய்க்குள்ளும் இருக்கும் காற்றை வெளியேற்றினால் அங்கே அழுத்தம் குறைகிறது. வெளியே குளத்தின் பரப்பின்மேல் காற்றுமண்டலம் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மேலே ஏற்றுகிறது.

காற்றுமண்டலத்தின் பலம் கடல்மட்டத்தில் சுமார் 1 பார். அது 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத்தான் தாங்கும். எவ்வளவு பெரிய எஞ்சினைப் பூட்டினாலும் அதற்கு மேல் ஒரு சாண்கூட ஏறாது. நடைமுறையில் அந்த 10.3 மீட்டரும் கிடைப்பதில்லை. குழாயின் உராய்வு கொஞ்சம் தின்னும். வடிகட்டி கொஞ்சம் தின்னும். தண்ணீர் சக்கரத்துக்குள் வேகமாக நுழையவும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் 35 டிகிரிக்குச் சூடான குளத்துத் தண்ணீர் ஆவியாகத் துடிப்பதால் இன்னும் அரை மீட்டர் போய்விடும். கடைசியில் நம்பக்கூடிய உயரம் ஏறத்தாழ 7 மீட்டர். 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றே மெலிந்திருக்கிறது. அங்கே 10.3 என்பது 8 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். நடைமுறையில் 5 மீட்டரைத் தாண்டினாலே திணறும்.

இந்த எல்லையைக் கொங்கு நாட்டு விவசாயி புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தார். கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே திட்டு வெட்டி மோட்டாரைக் கீழே இறக்கி வைத்தார். மேலிருந்து இழுக்க முடியாது, கீழிருந்து தள்ளத்தான் முடியும். தீயணைப்பு வண்டியைக் கிணற்றுக்குள் இறக்க முடியாதே! ஆழக் கிணறு மட்டுமே கிடைக்கும் ஊர்களில் கையால் தூக்கிச் செல்லும் பம்பையோ, மிதக்கும் பம்பையோ, நீர்மூழ்கி மோட்டாரையோ இறக்கி, அதிலிருந்து வண்டித் தொட்டியை நிரப்ப வேண்டும். உங்கள் நிலைய எல்லைக்குள் எந்தக் கிணற்றில் கோடையில் 7 மீட்டருக்குள் தண்ணீர் நிற்கும் என்ற கணக்கைத் தீப்பிடிப்பதற்கு முன்பே எழுதி வைத்திருங்கள்.

பலகையில் பார்க்க வேண்டியவை

பலகையில் பல குமிழ்கள் இருந்தாலும், உயிர்நாடி இரண்டு அளவிகள்தான். ஒன்று டெலிவரி அழுத்தமானி: பம்ப் வெளியே தள்ளும் அழுத்தம். மற்றொன்று உள்வரும் பக்கத்தின் கூட்டு அளவி. இதில் பூஜ்யத்துக்கு ஒரு பக்கம் அழுத்தமும் மறுபக்கம் வெற்றிடமும் குறிக்கப்பட்டிருக்கும். திறந்த நீர்நிலையிலிருந்து எடுக்கும்போது இதன் முள் வெற்றிடப் பக்கம் சாயும். தீயணைக்கவென்று அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஹைட்ராண்ட் குழாயிலிருந்தோ இன்னொரு பம்பிலிருந்தோ தண்ணீர் வந்தால் அழுத்தப் பக்கம் நிற்கும். இவற்றுக்கு அடுத்து, 63 மி.மீ. டெலிவரி வால்வுகள், 100 மி.மீ. சக்ஷன் வாய், தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வால்வு, பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் வால்வு, பம்பிலுள்ள காற்றை வெளியேற்றும் பிரைமரின் நெம்புகோல், திராட்டில், அடியில் தண்ணீரை வடிக்கும் சிறு காக்குகள்.

தொட்டித் தண்ணீரில் தொடங்குதல்

தீ விபத்துக்குப் போனதும் முதலில் கைகொடுப்பது தொட்டித் தண்ணீர். தொட்டி பம்பைவிட உயரத்தில் இருப்பதால் தண்ணீர் தானாக இறங்கிப் பம்பை நிரப்பும், பிரைமிங் தேவையில்லை.

1. வண்டியைக் காற்று வீசிவரும் பக்கத்தில், சரியக்கூடிய சுவருக்கும் மின்கம்பிக்கும் விலகி நிறுத்துங்கள். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடைகட்டை வையுங்கள். பம்ப் ஓடும்போது வண்டி நகர்ந்துவிட்டால் குழாய் பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுக்கும்.

2. எஞ்சின் மெதுவாக ஓடும்போதே கிளட்சை மிதித்து பி.டி.ஓ.வை இணையுங்கள். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பம்புக்குத் திருப்பும் இணைப்பு இது. பல் உரசும் ஓசை வந்தால் பலவந்தம் செய்யாதீர்கள். ஒரு கணம் விட்டு மறுபடி முயலுங்கள்.

3. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வால்வை முழுமையாகத் திறங்கள். பாதி திறந்த வால்வு பம்பைப் பட்டினி போடும். அழுத்தமானியில் சிறு அழுத்தம் தெரிந்தால் பம்பில் தண்ணீர் வந்துவிட்டது.

4. ‘தண்ணீர் விடு’ என்ற உத்தரவு வரும்வரை டெலிவரியைத் திறக்காதீர்கள். உத்தரவு வந்ததும் மெதுவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் மடிந்து கிடக்கும் குழாய் பாம்பைப் போல் துள்ளி எழும்; மாடிப்படியில் நிற்பவரைத் தள்ளிவிடும்.

5. குழாய் நிரம்பி, நாசிலில் ஓட்டம் வந்த பிறகே திராட்டிலைக் கூட்டித் தேவையான அழுத்தத்துக்கு வாருங்கள்.

தீ சிறியது என்றால் பெரிய குழாயைத் தொடவே வேண்டாம். வண்டியிலேயே சுருட்டி வைத்திருக்கும் ஹோஸ் ரீல் நிமிடத்துக்கு 100 லிட்டர் அளவில் தெளித்தால், அதே 4500 லிட்டர் முக்கால் மணி நேரம் வரும். உயர் அழுத்தப் பகுதி தனியாக உள்ள பம்புகள் இந்த ரீலுக்கு 30, 40 பார்வரை கொடுத்துத் தண்ணீரை மெல்லிய துளிகளாக உடைக்கின்றன. சிறு துளி சூட்டை வேகமாக உறிஞ்சும். இருக்கும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவதும் பம்ப் இயக்குபவரின் திறமைதான்.

எவ்வளவு அழுத்தம்?

பலகையில் 7 பார் காட்டினால் நாசிலில் 7 பார் இருக்காது. நடுவில் இரண்டு இழப்புகள். மேலே ஏற ஏற ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் குறையும். குழாயின் உராய்வில் கொஞ்சம் குறையும்.

உராய்வுக்கு இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்திருங்கள்: 63 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 500 லிட்டர் ஓடினால், 100 மீட்டருக்கு 1 பாருக்குச் சற்று மேல் இழப்பு. ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. அதே ஓட்டத்தை 45 மி.மீ. குழாயில் அனுப்பினால் இழப்பு ஐந்து மடங்குக்கும் மேல். ஒரே ஓட்டத்தை இரண்டு இணைக் குழாய்களில் பிரித்து அனுப்பினால் இழப்பு நான்கில் ஒன்று. நீண்ட தூரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டுமானால் திராட்டிலைக் கூட்டுவதைவிட இரண்டாவது குழாயை விரிப்பதே பல நேரங்களில் நல்லது.

நாசிலின் ஓட்டத்துக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். வந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் நிமிடத்துக்கான லிட்டர். 20 மி.மீ. துளை, 5 பார் என்றால் 400ஐ 2.24ஆல் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கு எடுக்க, 600க்கு அருகில் வரும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் மாடி, தரையிலிருந்து 10 மீட்டர். 15 மீட்டர் குழாய்கள் நான்கு, மொத்தம் 60 மீட்டர். நாசிலில் 5 பார் வேண்டும். உயரத்துக்கு 1 பார். 600 லிட்டர் ஓட்டத்தில் 60 மீட்டருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ 1 பார். ஆக, பலகையில் 7 பார்.

‘இன்னும் கொஞ்சம் கூட்டினால் தீ சீக்கிரம் அணையும்’ என்ற எண்ணம் வரும். நாசிலைப் பிடித்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். 20 மி.மீ. நாசில் 5 பாரில் அவரைப் பின்னால் தள்ளும் விசை 32 கிலோ எடைக்குச் சமம். 7 பாரில் அது 45 கிலோ. ஈரத் தரையில், படிக்கட்டில் நிற்பவர் அதைத் தாங்க வேண்டும். இரண்டு குழாய்கள் ஓடும்போது ஒருவர் திடீரென்று மூடினால் மற்றவருக்கு அழுத்தம் எகிறும். தானியங்கிக் கட்டுப்பாடு இல்லாத வண்டியில் அதைச் சரிசெய்வது உங்கள் கைதான். பலகையைவிட்டு நகராதீர்கள் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குளத்திலிருந்து எடுத்தல்

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று: காற்று.

மையவிலக்குப் பம்பால் காற்றை வெளியேற்ற முடியாது. காற்று மிக இலேசானது. சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் அதை வீசி எறிய முடிவதில்லை. விவசாயி மோட்டாரைப் போடுமுன் குடத்தால் தண்ணீர் ஊற்றுவதும், குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் புட்வால்வு கசிந்தால் சாணம் கரைத்த தண்ணீரை ஊற்றி அடைப்பதும் இதற்காகத்தான். வண்டியில் குடத்துக்குப் பதில் பிரைமர் இருக்கிறது. சில வண்டிகளில் எஞ்சினின் புகையை வேகமாகச் செலுத்திக் காற்றை உறிஞ்சும் வகை. சிலவற்றில் தண்ணீர் வளையம். சிலவற்றில் சிறு பிஸ்டன்கள். எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றே. 2.5 மீட்டர் நீளச் சக்ஷன் குழாய்கள் மூன்றை இணைத்தால், 100 மி.மீ. குழாய்க்குள் இருக்கும் காற்று மட்டும் கிட்டத்தட்ட 59 லிட்டர். அதை வெளியேற்றியாக வேண்டும்.

முதலில் சக்ஷன் குழாய்களைத் தரையிலேயே இணையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். திருகு வாய்களைக் கையால் முடுக்கியபின் ஸ்பேனரால் இறுக்குங்கள். முனையில் வடிகட்டியை மாட்டி, கயிறு கட்டி, அதன் மறுமுனையை வண்டியிலோ மரத்திலோ முடிந்துகொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்த சக்ஷன் குழாயின் முழு எடையும் பம்பின் வாயில் தொங்கக் கூடாது.

வடிகட்டி, தண்ணீருக்குள் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது 30 சென்டிமீட்டராவது மூழ்கியிருக்கட்டும். ஆழம் குறைந்தால் மேலே சுழல் உண்டாகிக் காற்று உள்ளே போகும். வேறு வழியில்லை என்றால் சுழல் விழும் இடத்தில் ஒரு பலகையை மிதக்கவிடுங்கள். அடிச்சேற்றிலும் உட்கார விடாதீர்கள். ஆகாயத்தாமரை படர்ந்த குளமானால் வடிகட்டியை ஒரு கூடைக்குள் வைத்து இறக்குங்கள்.

குழாய் நீரிலிருந்து பம்ப்வரை தொடர்ந்து ஏறிக்கொண்டே வர வேண்டும். நம் ஊர்க் கிணறுகளின் கைப்பிடிச் சுவர் இதில் ஒரு பொறி. சுவர் பம்பு வாயைவிட உயரமாக இருந்தால் குழாய் அதன்மேல் ஏறி இறங்கும். அந்தக் கூன் முதுகில் காற்று தங்கிவிடும். பிரைமிங் முடிந்ததுபோல் தோன்றும். டெலிவரியைத் திறந்ததும் அந்தக் காற்று பம்புக்குள் வந்து ஓட்டத்தை அறுத்துவிடும். சுவர் தாழ்ந்த பக்கத்தைத் தேடி வண்டியை நிறுத்த இரண்டு நிமிடம் செலவானாலும் பரவாயில்லை.

இனி பம்பு. எல்லா டெலிவரி வால்வுகளையும், தொட்டி வால்வையும், ஹோஸ் ரீல் வால்வையும், வடி காக்குகளையும் மூடுங்கள். பி.டி.ஓ.வை இணைத்து, வண்டியின் குறிப்பில் சொல்லியிருக்கும் வேகத்துக்கு எஞ்சினைக் கொண்டுவந்து பிரைமரை இயக்குங்கள். கண் கூட்டு அளவியில் இருக்கட்டும். முள் வெற்றிடப் பக்கம் சீராக ஏறும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் அளவியில் சுமார் 74 மி.மீ. பாதரசம் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) என்பது கணக்கு. தண்ணீர் 3 மீட்டர் கீழே இருந்தால் 220க்கு வந்ததும் தண்ணீர் பம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதே நொடி அழுத்தமானி துள்ளும், எஞ்சினின் ஓசை கனக்கும். உடனே பிரைமரை விடுவித்து, ஒரு டெலிவரியை மிக மெதுவாகத் திறங்கள். முதலில் காற்றும் நீரும் கலந்து பொங்கும், பிறகு தெளியும். அழுத்தம் விழுந்தால் வால்வைச் சற்று மூடி, நிலைத்ததும் மறுபடி திறங்கள்.

30 நொடியில், அதிகம் போனால் 45 நொடியில் தண்ணீர் வந்துவிட வேண்டும். வராவிட்டால் பிரைமரை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அது சூடேறி வீணாகும். நிறுத்தி, காற்று நுழையும் இடத்தைத் தேடுங்கள்.

பயிற்சிக் காலத்தில் ஒரு கிணற்றடியில் நான் இதைப் பாடமாகக் கற்றேன். மூன்று முறை பிரைமரை ஓட்டியும் முள் 100ஐத் தாண்டவில்லை. எஞ்சினைத்தான் சந்தேகப்பட்டேன். பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் எஞ்சினை அணைக்கச் சொன்னார். அமைதியில் பம்பின் அடியிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சீறல் கேட்டது. நான் மூட மறந்திருந்த வடி காக்கு. விரல் நுழையாத ஒரு துளை அந்தப் பெரிய வண்டியை முடக்கியிருந்தது. அன்றிலிருந்து, மூட வேண்டியவற்றை வாயால் சொல்லிச் சொல்லி, கையால் தொட்டுத் தொட்டு மூடுகிறேன்.

தொட்டியிலிருந்து குளத்துக்கு மாறும்போதும் அவசரம் கூடாது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பி மாறுங்கள். முடிந்தால் இரண்டாவது வண்டியைக் குளத்தடியில் நிறுத்தி, அது இந்த வண்டியின் தொட்டியை நிரப்பட்டும். தீயருகே நிற்கும் வண்டியின் ஓட்டம் அறாமல் இருக்க இதைவிட நம்பகமான வழியில்லை.

இரண்டு முட்களும் பேசுவது

அளவிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும். சேர்த்துப் படியுங்கள்.

அழுத்தம் ஏறி, வெற்றிடம் குறைந்தால் ஓட்டம் குறைந்திருக்கிறது. யாரோ நாசிலை மூடியிருக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம், ஏதாவது வண்டி குழாயின்மேல் ஏறி நிற்கலாம். அழுத்தம் விழுந்து, வெற்றிடம் கூடினால் அதற்கு நேர்மாறு: ஓட்டம் திடீரென்று கூடியிருக்கிறது. பெரும்பாலும் குழாய் வெடித்திருக்கும். அதே அறிகுறியோடு நாசிலில் ஓட்டமும் மெலிந்து, குழாய் வரிசை முழுமையாக இருந்தால், சந்தேகத்தை நீருக்குள் திருப்புங்கள். வடிகட்டியை இலையோ பாலித்தீனோ அடைத்திருக்கும். அல்லது சக்ஷன் குழாயின் உள்ளுறை பிய்ந்து வழியை மறைத்திருக்கும். அல்லது கிணற்று மட்டம் இறங்கியிருக்கும்.

இரண்டு முட்களும் ஒருசேர விழுந்து துடித்தால் காற்று புகுந்துவிட்டது. வடிகட்டி நீருக்கு மேலே வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு இணைப்புகள்.

திராட்டிலைக் கூட்டியும் அழுத்தம் கூடாமல், உறைக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தால் அது கேவிட்டேஷன். காற்றுமண்டலம் தள்ளிவிடக்கூடிய அளவைவிட அதிகத் தண்ணீரைப் பம்ப் கேட்கிறது. சக்கரத்தின் வாயில் அழுத்தம் மிகவும் விழுந்து, தண்ணீர் சூடாகாமலே ஆவிக் குமிழியாகிறது. குமிழிகள் சற்றுத் தள்ளி அழுத்தம் கூடிய இடத்தில் நொறுங்கும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன. சத்தம் கேட்டதும் பழக்கமில்லாத கை திராட்டிலை இன்னும் கூட்டப் பார்க்கும். குறைக்க வேண்டும். சத்தம் நின்று அழுத்தம் நிலைக்கும் இடமே அந்த நீர்நிலையில் உங்கள் பம்பின் எல்லை. ஒரு நாசிலை மூடவோ சிறிய துளைக்கு மாற்றவோ சொல்லுங்கள்.

டெலிவரி முழுவதும் மூடியிருக்கச் சக்கரம் ஓடிக்கொண்டே இருப்பது இன்னொரு ஆபத்து. எஞ்சினின் திறன் முழுவதும் அந்தச் சில லிட்டர் தண்ணீரைச் சூடாக்குவதில் போகிறது. சில நிமிடங்களில் கொதிநிலைக்குப் போகலாம். சீல் கருகும், பிறகு நாசிலைத் திறப்பவர் கையில் வெந்நீர் பாயும். உறையை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். காத்திருக்க வேண்டிய நேரத்தில் தொட்டிக்குப் போகும் வால்வைச் சிறிது திறந்து தண்ணீரைச் சுற்றவிடுங்கள். வேகத்தையும் குறைத்து வையுங்கள்.

வால்வுகளைச் சட்டென்று அறைந்து மூடுவதும் வேண்டாம். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் திடீரென்று நின்றால் அதன் அதிர்ச்சி குழாய் முழுவதும் சம்மட்டியடியாகத் திரும்பி வரும்.

அணைந்த பிறகு

திராட்டிலை மெல்லக் குறைத்து, டெலிவரியை மூடி, பி.டி.ஓ.வை விடுவியுங்கள். சேற்றுநீரோ உப்புநீரோ நுரைக் கலவையோ பம்பு வழியாகப் போயிருந்தால் நல்ல தண்ணீரைச் சில நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள். கடலோர ஊர்களில் இதைத் தவிர்த்தால் சில மாதங்களில் சக்கரம் அரிக்கப்படும். வடி காக்குகளைத் திறந்து பம்பை வடியவிட்டு, மறுபடி மூடுங்கள். சக்ஷன் வாஷர்களை எண்ணிப் பாருங்கள்.

நிலையத்தில் பம்பு நலமாக இருக்கிறதா என்று அறிய உலர் வெற்றிடச் சோதனை போல் எளிதானது வேறில்லை. எல்லாவற்றையும் மூடி, சக்ஷன் வாயை மூடியால் அடைத்து, பிரைமரால் வெற்றிடம் உண்டாக்கி, நிறுத்தி, முள்ளைப் பாருங்கள். அமெரிக்கத் தரக்கட்டளைப்படி 22 அங்குலப் பாதரச வெற்றிடம், அதாவது சுமார் 560 மி.மீ., உண்டாக்கிய பின் ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் விழக்கூடாது. விழுந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சீறல் வரும் இடத்தில் கசிவு இருக்கிறது. சக்ஷன் குழாய்களையும் மாட்டி, கடைசிக் குழாயின் முனையை மூடியால் அடைத்து இதே சோதனையை வாரம் ஒருமுறை செய்யலாம். கிணற்றடியில் தெரிய வேண்டிய ஓட்டை நிலைய முற்றத்திலேயே தெரிந்துவிடும்.

கடைசியாகத் தொட்டியை நிரப்புங்கள். மேலே வழிகுழாயில் தண்ணீர் சொட்டும்வரை நிரப்புங்கள். தொட்டி வால்வு மூடியிருக்கிறதா, வடி காக்குகள் மூடியிருக்கின்றனவா, திராட்டில் அடிநிலையில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து, பம்பு ஓடிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.